அபிமானமும் நேர்மையும்: டலஸ் நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றின் வரலாறு



1987ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலைக்கு ஒரு தண்டனை விதிக்கப்பட்டது. அதன் உதைபந்தாட்ட அணி அவ்வாண்டில் ஓர் ஆட்டமேனும் ஆடலாகாது. அடுத்த ஆண்டில் ஆடுவதாயினும் சொந்த மைதானத்தில் ஆடலாகாது. அமெரிக்கர் இதனை 'மரண தண்டனை' என்றே வழங்கினர். ஓர் அணியின் ஆட்டத்தை நிறுத்தியதற்கு இத்துணைக் கொடிய பெயர் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அப்பெயர் பொருந்துமாறு ஓர் ஊர் தன் அணிமீது எத்துணை அபிமானம் வைத்திருந்தது என்பதையும், அந்த அபிமானம் அணிக்கு என்ன செய்தது என்பதையும் எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நாம் உதைபந்தாட்டம் என்று அறிந்திருப்பது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் குறிப்பது வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அவ்வாட்டம், நாம் றகர் என்று கூறும் ஆட்டத்துக்கே நெருங்கிய உறவுடையது. அந்நாட்டில் கல்லூரி அணிகள் ஆடும்போது எழுபதினாயிரம், எண்பதினாயிரம் மக்கள் கூடுதல் சாதாரணம். நுழைவுச் சீட்டாலும் ஒளிபரப்பாலும் கல்லூரிகளுக்குப் பெரும்பொருள் சேர்ந்தது. ஆயினும் ஆடுகின்ற மாணவன் கூலிக்கு ஆடுபவனாயிருத்தல் கூடாது என்பது 1906ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வகுத்த நெறி. கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் ஆகியவற்றுக்கான புலமைப்பரிசிலுக்கு மேலாக அவன் ஒரு காசும் பெறலாகாது என்று பிற்கால விதி கூறிற்று.

விதி இவ்வாறிருக்க, நடைமுறை வேறாகவே இருந்தது. 1929ஆம் ஆண்டிலேயே கார்னெகி நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, ஆட்டக்காரருக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தல் பரவலாக நிகழ்வதை அறிக்கையாக வெளியிட்டது. ஆகவே டலஸ் நகரில் நிகழ்ந்தது புதிய பாவம் அன்று. பழைய பாவமே பெரிய அளவில் நிகழ்ந்தது.

அச்சர்வகலாசாலை 1911ஆம் ஆண்டில் மெதடிஸ்த திருச்சபையினரால் நிறுவப்பட்டது. 1948ஆம் ஆண்டில் அதன் மாணவர் டோக் வாக்கர், நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். பின்னர் நெடுங்காலம் அணி மங்கிக் கிடந்தது. டலஸ் நகரமோ எண்ணெயாலும் நிலவணிகத்தாலும் செழித்தது. அந்நகரத்து அலுவலகங்களிலே போட்டிக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அருகருகே அமர்ந்து தொழில் செய்தனர். சனிக்கிழமை தோற்ற கல்லூரியைச் சேர்ந்தவன் திங்கட்கிழமை நண்பரின் ஏளனத்தைக் கேட்டாக வேண்டும். செல்வம் படைத்த பழைய மாணவர் சிலர் அந்த ஏளனத்தைப் பணத்தால் தீர்க்கத் துணிந்தனர். எரிக் டிக்கர்சன், கிரெய்க் ஜேம்ஸ் முதலிய வீரர்கள் ஆடிய 1982ஆம் ஆண்டு அணி, பதினொரு வெற்றியும் ஒரு சமநிலையுமாக ஒரு தோல்வியுமின்றி நாட்டில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. ஊர் களிப்பில் மூழ்கியது. வெற்றி எங்கிருந்து வந்தது என்று வினவியவர் சிலரே.

சங்கம் அச்சர்வகலாசாலையை 1958ஆம் ஆண்டு தொடங்கிப் பன்முறை தண்டித்தது. 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் விதித்த தண்டனை கடுமையானது. புலமைப்பரிசில்கள் பல குறைக்கப்பட்டன. அப்பொழுது அபிமானிகளிடையே எழுந்த குரல் என்ன? 'எல்லோரும் செய்வதையே நாமும் செய்தோம். நம்மை மட்டும் ஏன் பிடித்தனர்?' என்பதே.

இந்த முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. அவர்கள் ஆடிய தென்மேற்குக் கூட்டமைப்பின் கல்லூரிகளிற் பெரும்பாலானவை அப்பத்தாண்டில் விதிமீறலுக்காகத் தண்டனை பெற்றன. அயலூராகிய போர்ட் வேர்த் நகரத்து ரெக்சாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையின் பயிற்சியாளர் ஜிம் வாக்கர், 1985ஆம் ஆண்டில் தம் வீரர்கள் சிலர் பணம் பெற்றதை அறிந்தவுடன், அவர்களை அணியினின்றும் நீக்கித் தாமே சங்கத்துக்கு அறிவித்தார். அவ்வாறு நேர்மையாக நடந்த கல்லூரிக்கும் 1986ஆம் ஆண்டில் கடுந்தண்டனையே கிடைத்தது. ஒப்புக்கொண்டவனுக்கும் அடியே என்றால் ஒளித்து வைப்பதே புத்தி என்று பலர் எண்ணினர். நீதி வழங்குவோர் நேர்மைக்கு ஒரு சலுகையும் அளியாதபோது, மக்கள் நீதியை மதியாது வேட்டைக்காரனைப் போல அஞ்சத் தொடங்குவர் என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் 'எல்லோரும் செய்தனர்' என்னும் வாதம் டலஸ் நகரத்தில் நிகழ்ந்த அடுத்த செயலை மறைக்க இயலாது. 1985ஆம் ஆண்டின் தண்டனைக்குப் பின்னர், சர்வகலாசாலையின் ஆட்சிக் குழுவைச் சேர்ந்த சிலர் கூடி ஆராய்ந்தனர். இனிப் பணம் கொடுப்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்களா? இல்லை. முன்னர் வாக்களிக்கப்பட்ட வீரர்களுக்கு, அவர்கள் படித்து வெளியேறும்வரை தொடர்ந்து கொடுப்பது என்றே முடிவு செய்தனர். நிறுத்தினால் அவர்கள் வாய்திறப்பர் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். 1985–86 கல்வியாண்டில் பதின்மூன்று வீரர்களுக்கு ஏறத்தாழ 61,000 டொலர் வழங்கப்பட்டது. விதியைக் காக்கவேண்டியவர்களே விதியை மீறினர். வேலியே பயிரை மேய்ந்தது.

1986ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி டலஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இதனை வெளிப்படுத்தியது. டேவிட் ஸ்ரான்லி என்னும் முன்னாள் வீரர், தாம் அணியிற் சேர்வதற்கு 25,000 டொலர் பெற்றதாகவும், பின்னரும் மாதந்தோறும் பணம் பெற்றதாகவும் கூறினார். செய்தியை வெளியிட்ட டேல் ஹான்சனுக்கு நன்றி கூறியவர் சிலர்; வசையும் மிரட்டலும் விடுத்தவர் பலர். சாட்சி கூறிய வீரரையும் நன்றி கெட்டவர் என்று இழித்துரைத்தனர். நோயைக் கண்டறிந்த வைத்தியரை நோய்க்குக் காரணர் என்று கடிவது போன்ற செயல் இது. ஆனால் அதே சர்வகலாசாலையின் ஆசிரியர்கள் பலர், கூலி ஆட்டம் ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினர். அவர்களும் அந்நிறுவனத்தை நேசித்தவர்களே. சில வாரங்களுள் சர்வகலாசாலைத் தலைவரும், விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும், பயிற்சியாளரும் பதவி விலகினர்.

ஐந்து ஆண்டுகளுள் இரு முறை பெருங்குற்றம் புரிந்த அணியை நிறுத்தலாம் என்று சங்கம் 1985ஆம் ஆண்டில் விதி செய்திருந்தது. அவ்விதியே இங்கு பாய்ந்தது. 1988ஆம் ஆண்டுப் பருவத்தையும் சர்வகலாசாலை தானே கைவிட்டது. தண்டனை யார்மீது விழுந்தது? பணம் கொடுத்த செல்வர் தம் தொழிலைத் தொடர்ந்தனர். ஒரு காசும் பெறாத இளைஞர்களோ அணியின்றி நின்றனர். பிற கல்லூரிப் பயிற்சியாளர்கள் வளாகத்துக்கே வந்து, சந்தையிலே மாடு பிடிப்பவர்போல் அவர்களை அழைத்துச் சென்றனர்.

1987ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி இன்னோர் அதிர்ச்சி நேர்ந்தது. ஆட்சிக் குழுவின் தலைவராயிருந்தவரும், அவ்வாண்டு சனவரியில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநராகப் பதவியேற்றவருமாகிய பில் கிளெமென்ற்ஸ், அப்பணம் தொடர்வதற்குத் தாமும் உடன்பட்டதை ஒப்புக்கொண்டார். மெதடிஸ்தப் பேராயர்கள் குழுவொன்று விசாரித்து யூன் மாதம் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆட்சிக் குழுவே கலைக்கப்பட்டது.

1989ஆம் ஆண்டில் அணி மீண்டும் ஆடியது. பழைய மாணவரும் புகழ்பெற்ற வீரருமாகிய பொரஸ்ற் கிரெக் பயிற்சியாளராக வந்தார். பெரும்பாலும் அனுபவமற்ற இளைஞர்கள். வளாகத்துச் சிறிய பழைய மைதானம். இரண்டாவது ஆட்டத்தில் கனெக்றிக்கற் அணியை 31க்கு 30 என்று இறுதிக் கணத்தில் வென்றபோது அரங்கம் ஆர்த்தெழுந்தது. ஒக்ரோபர் மாதத்தில் ஹூஸ்ரன் அணியிடம் 95க்கு 21 என்று தோற்றனர். அந்த ஹூஸ்ரன் அணியும் விதிமீறலுக்காக அப்போது தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்ததே! 1989 முதல் 2008 வரை இருபது பருவங்களில், தோல்வியினும் வெற்றி மிகுந்த பருவம் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு காலமும் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த சிலரை நினைத்துப் பார்க்கிறேன். வெல்லும் அணிக்குக் கைதட்டுதல் எளிது. தோற்கும் அணி நேர்மையாக ஆடுகின்றது என்பதற்காக வந்து அமர்ந்தவரே உண்மை அபிமானிகள்.

வரலாறு பின்னர் ஒரு திருப்பத்தைக் கண்டது. 2021ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் கல்லூரி வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரருக்கு நேராகப் பணம் வழங்கவும் வழி திறந்தது. டலஸ் அணியும் 2024ஆம் ஆண்டில் பெரிய கூட்டமைப்பொன்றிற் சேர்ந்து மீண்டும் முன்னணிக்கு வந்தது. 'நாம் செய்தது குற்றமன்று. காலத்துக்கு முந்திச் செய்தோம், அவ்வளவே' என்று பழைய அபிமானிகள் கூற இடமுண்டாயிற்று.

பழைய விதி வீரருக்கு நீதியானதாய் இருந்ததா என்பது வேறு வினா. கோடி கோடியாய்ப் பணம் புரளும் அரங்கில், அதனை ஈட்டித் தந்தவன் மட்டும் வெறுங்கையுடன் நிற்பது நீதியன்று என்பதை நானும் ஏற்பேன். ஆயின் டலஸ் நகரத்துச் செல்வர் அவ்விதியை எதிர்த்து மேடையேறி வாதாடவில்லை. நாடறிய அதற்குக் கையொப்பமிட்டுவிட்டு, இருளிலே உறையில் இட்டுப் பணம் கொடுத்தனர். பதினெட்டு வயது இளைஞனுக்கு அவர்கள் கற்பித்த முதற் பாடம் பொய் சொல்வது. கல்வி நிலையம் ஒன்றில் இதனினும் பெரிய குற்றம் எது? விதி மாறியமையால் அப்பொய் மெய்யாகிவிடாது.

அபிமானிகளும் இதிற் பங்குடையவரே. அவர்கள் பணம் கொடுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கவுமில்லை. உண்மை கூறியவனை வைதனர். அயலான் குற்றத்தைத் தம் குற்றத்துக்குப் போர்வையாக்கினர். தவறு செய்வோர் அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டனர். ஒரு நிறுவனத்தை நேசிப்போர் அதன் வெற்றிக் கணக்கைப் பார்க்குமளவுக்கு அதன் கணக்குப் புத்தகத்தையும் பார்த்திருந்தால், 1985ஆம் ஆண்டிலேனும் அந்த அணி காப்பாற்றப்பட்டிருக்கும். அக்கேள்வியைக் கேளாமையின் விலையை, அபிமானிகளுக்குப் பின் வந்த இளைஞர்கள் இருபது ஆண்டுகள் செலுத்தினர்.