அயனாவரத்தில் இறங்கியவர்கள்

1984 மே மாதம். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியில் ராத்திரி வண்டி ஏறினோம். "மெட்ராஸ் சுத்திப் பாத்துட்டு வாறோம்" என்றுதான் மாமியார் வீட்டில் சொல்லியிருந்தோம். கையில் ஒரு பை கடலைமிட்டாய், ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, பிள்ளைக்குப் பால்பாட்டில். மீட்டர் கேஜ் வண்டி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. மறுநாள் காலையில் எழும்பூரில் இறங்கியபோது என் சேலையெல்லாம் கரி வாசம்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மெட்ராஸின் வாசல் எழும்பூர்தான். 1908-ல் அந்தச் சிவப்புக் கட்டடம் திறக்கப்பட்ட நாளிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் மூட்டையோடும் முகவரிச் சீட்டோடும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். அந்தச் சீட்டில் எழுதியிருந்த வீடுகளைப் பற்றி யாரும் வரலாறு எழுதவில்லை. ஸ்டேஷனைக் கட்டியவர்களின் பெயர் தெரிகிறது, வந்து இறங்கியவர்களுக்குச் சோறு போட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

எங்கள் சீட்டில் இருந்தது அயனாவரத்தில் பெரியப்பா வீடு. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில், ஐ.சி.எஃப்-இல், மறுவருடமே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பெரியப்பா முதலில் வந்து இறங்கியது இன்னோர் இடத்தில். கொத்தவால் சாவடியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மளிகை மண்டி. பகலில் மூட்டை சுமந்து, ராத்திரி அதே பருப்பு மூட்டைகளின் மேல் படுத்திருந்தாராம். அந்த மண்டிக்காரர் ஏழெட்டுப் பேரை அப்படித் தூங்க வைத்து வேலைக்கு அனுப்பியிருக்கிறார். மண்டியில் படுத்தவர் போர்ஷன் பிடித்தார், போர்ஷனுக்கு வந்தவர்கள் தனி வீடு பிடித்தார்கள். 1951 கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சம் பேர் இருந்த நகரம் 1981-ல் 32 லட்சத்தைத் தாண்டியது. எல்லை விரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேராவது யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் முதல் ராத்திரி படுத்திருப்பார்கள் என்பது என் துணிபு.

பெரியப்பா வீடு ஒண்டுக்குடித்தனம். இந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது. முன்னால் ஹவுஸ் ஓனர். பக்கவாட்டில் ஒரு நீள நடை. நடையை ஒட்டி வரிசையாக எட்டுக் குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும். எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஓர் அடிபம்பு. பாலச்சந்தர் 1968-ல் எடுத்த 'எதிர்நீச்சல்' படம் இப்படி ஒரு வீட்டுக்குள்ளேதான் நடக்கும். பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

அந்த ஓர் அறையில் பெரியப்பா, பெரியம்மா, மூன்று பிள்ளைகள். நாங்கள் போய் நின்றபோது ஒருவர் முகமும் சுருங்கவில்லை. "ஏட்டி, பிள்ளைய இங்க குடு. நீ போயி மொகத்தக் கழுவு. மாப்பிள்ளைக்குக் காப்பி ஆறிரும்" என்றார் பெரியம்மா. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அறையைக் கூட்டி எங்களுக்குப் பாய் விரித்தார். அவர்கள் ஐந்து பேரும் நடையில் படுத்தார்கள். கொடியில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே போட்டு, எதிர்வீட்டார் எழுந்து போகும்போது காலில் இடறாமல் இருக்க ஓர் அரிக்கேன் விளக்கைத் திரியைக் குறைத்து ஓரமாக வைத்தார். ஒன்பது ராத்திரி அப்படியே. நாங்கள் நடையில் படுத்துக்கொள்கிறோம் என்று சொன்னதற்குப் பெரியப்பா, "சின்னஞ்சிறுசுக நடையில படுக்கக் கூடாது" என்றதோடு பேச்சை முடித்துவிட்டார்.

தண்ணீர் வரிசைதான் எனக்குப் புது உலகம். முந்தைய வருடம், 1983-ல், மெட்ராஸ் தண்ணீரில்லாமல் தவித்திருந்தது. கிருஷ்ணா நீருக்கு ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டதும் அந்த வருடம்தான். அந்தத் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர 1996 ஆயிற்று. இடைப்பட்ட வருடங்களில் நகரத்தின் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். விடிய மூன்றரை மணிக்குப் பம்படியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கும். ஆள் வர வேண்டாம், குடம் இருந்தால் போதும், முறை உண்டு. பெரியம்மா குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல். விருந்தாள் வந்த வீட்டுக்கு இரண்டு குடம் அதிகம் என்பது அந்த எட்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. அடுத்த மாதம் அவள் வீட்டுக்கும் விருந்தாள் வருவார்கள்.

பகலில் ஊர் சுற்றினோம். செத்த காலேஜ், உயிர் காலேஜ் இரண்டையும் பார்க்காமல் திரும்பினால் மெட்ராஸ் போனதாகவே எங்கள் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதலாவது எழும்பூர் மியூசியம், இரண்டாவது மிருகக்காட்சி சாலை. 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் தலைவராக இருந்த எட்வர்டு பால்ஃபர், அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார். அவை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஒரே வளாகத்தில் பிறந்த இரண்டுக்கும் ஜனங்கள் ஒரே மாதிரி பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து மகள் வீறிட்டு அழுதாள். அங்கிருந்து மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம், நடுவில் முற்றம், சுற்றிலும் பழைய புத்தகக் கடைகள். என் வீட்டுக்காரர் அங்கே லேத் வேலை பற்றிய ஒரு பழைய புத்தகத்தைப் பேரம் பேசி வாங்கினார். பீச்சில் சுண்டல் தின்றோம். பதினாலு மாடி எல்.ஐ.சி கட்டடத்தைப் பஸ்ஸிலிருந்தே எட்டிப் பார்த்தோம்.

ஆறாம் நாள் அவர் காலையிலேயே ஐ.டி.ஐ சர்டிபிகேட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவோடு கிளம்பினார். பொழுது சாய்ந்துதான் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கேட் கேட்டாக ஏறி இறங்கி, பிட்டர் வேலை உண்டா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் உள்விவரம் புரிந்தது. வேலை தேடிப் போகிறேன் என்று சொன்னால், கிடைக்காமல் திரும்பும்போது ஊரில் தலைகுனிய வேண்டும். லீவுக்குப் போகிறேன் என்றால் அந்தச் சங்கடமில்லை. எங்கள் பக்கத்தில் மே மாதப் பயணங்கள் பல இப்படித்தான் நடந்திருக்கின்றன. பட்டணம் பார்ப்பது என்ற வழக்கத்துக்குள் பிழைப்பு பார்ப்பது ஒளிந்திருந்தது. 'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழியை நம்பி வந்தவர்களுக்கு அந்த லீவு ஒரு மானக் கவசம்.

ஒரு வருடம் கழித்துப் பெரியப்பாவின் இன்லண்ட் லெட்டர் வந்தது, ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், 1985 மே 30 அன்று, மூர் மார்க்கெட் எரிந்துபோனது. பேப்பரில் படம் பார்த்துவிட்டு இவர் அந்த லேத் புத்தகத்தை எடுத்துத் துடைத்துத் துணி மூட்டைக்குள் வைத்தார். ஜூன் மாதம் வந்து சேர்ந்தோம். ஜூலை 24 அன்று வண்டலூரில் புது உயிரியல் பூங்கா திறந்தார்கள். நாங்கள் சுற்றிப் பார்க்க வந்த ஊரும் குடியேறிய ஊரும் ஒரே ஊர் இல்லை.

வீடு தேடியதுதான் கசப்பு. ஒரு வீட்டில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது, வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். டு-லெட் பலகை மறுவாரமும் அங்கேயே தொங்கியது. இன்னொரு வீட்டில் கைக்குழந்தை ஆகாது. கடைசியில் வில்லிவாக்கத்தில் கிடைத்த போர்ஷனுக்கு 200 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். 1960-ம் வருட வாடகைச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டம் பேசியிருக்க மாட்டேன். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகை என்கிறது. அந்த 2,000 ரூபாயில் 700 பெரியம்மாவின் சீட்டுப் பணம். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அடுத்து வாறவளுக்குக் குடுட்டி" என்று என் கையை மடக்கிவிட்டார்.

கொடுத்தோம். என் நாத்தனார் மகனும் மருமகளும் 1991-ல் எங்கள் போர்ஷனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் அது மே மாத லீவுதான். நாங்கள் நடையில் படுத்தோம்.

இப்போது மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவுக் கட்டடமும் இருக்கின்றன. மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அயனாவரம் வீட்டை இடித்து நான்கு மாடி பிளாட் கட்டியாயிற்று. அடிபம்பு இருந்த இடத்தில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. பெரியம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் வீட்டில் இறங்கிப் பிறகு தனியாகக் குடித்தனம் வைத்த குடும்பங்களை நானும் அவர் மகளும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். பதினொன்று வந்தது. பதினொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் முதன்முதலாகப் பட்டணம் வந்தவர் இருப்பார். அவர் எந்தத் தெருவில், யார் வீட்டில் இறங்கினார் என்று கேளுங்கள். இருக்கும்போதே கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.