மேல்வயலும் கீழ்வயலும்: உத்தமபாளையம் நமக்குச் சொல்லும் வரலாறு

வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலும் அதைச் சூழ்ந்த வடசென்னைப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் ‘சொந்த ஊர்’ என்று ஒன்று உண்டு. பெருநாள் விடுமுறையில் அங்கே செல்லும் பிள்ளைகள், “இவ்வளவு தொலைவில் நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள்?” என்று கேட்கின்றனர். பசுமையையும் காற்றையும் புகழ்ந்து அக்கேள்வியைக் கடந்துவிடுகிறோம். அதற்கு வரலாறு தரும் விடை வேறு. அதை அறிய ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது உத்தமபாளையம். மலைக்கு அப்பால் கேரளம். மதுரைக்கு ஏறக்குறைய 100 கி.மீ. 1928இல் போடிநாயக்கனூர் வரை வந்த இருப்புப்பாதை இவ்வூரை எட்டவில்லை, இன்றளவும் எட்டவில்லை. ஆயினும் இது வரலாறற்ற ஊரன்று. ஊரருகே உள்ள பாறையில் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பொதிமாடுகளுடன் வணிகர்கள் கணவாய் வழியே மலையேறி இறங்கிய நிலம் இது. குதிரையோடு தொடர்புடைய பெயரைத் தாங்கிய ராவுத்தர் சமுதாயத்தினர் இப்பள்ளத்தாக்கில் உழவும் வணிகமும் செய்து நிலைத்தனர். அவர்களுள் பலர் மலைக்கு அப்பாலும் சென்று குடியேறினர்.

மலையடிவாரத்தில் வாழ்ந்தும் தண்ணீர் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், வானத்தை மட்டும் நம்பிய உழவின் நிலையை உலகறியச் செய்தது. மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றின் நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பும் திட்டம் அதன்பின் வேகம் பெற்றது. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் அங்கே உயிரிழந்த கூலித் தொழிலாளர் பலர். மதுரைச் சீமையின் வறண்ட வயல்களே திட்டத்தின் முதன்மை இலக்கு. எனினும் நீர் வரும் வழியில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கும் செழித்தது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியுள்ளது.

ஒதுங்கிய உழவூரில் வாழ்வது எத்தகையது என்பதை அந்த வாய்க்காலைக் கொண்டே அறியலாம். நகரத்தில் குழாயைத் திறந்தால் நீர் வரும். பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலே வாழ்ந்துவிடலாம். உழவூரில் அது இயலாது. மேல்வயல்காரர் மடையை அடைத்தால் கீழ்வயல் காயும். ஆகவே யாருக்கு எப்போது தண்ணீர் என்னும் முறை வேண்டும்; அம்முறையை மதிக்கும் மனமும் வேண்டும். வாய்க்காலில் தூர் வாருவது ஒருவரால் ஆகும் வேலையன்று.

நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவிலும் இதே வழக்கு எழுந்தது. மஹ்ஸூர் என்னும் ஓடையின் நீர் பற்றிய பிணக்கில், மேலே உள்ளவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொண்டு, எஞ்சியதைக் கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்று அண்ணலார் தீர்ப்பளித்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. மேலே இருப்பவருக்கு முதலுரிமை உண்டு. முழு உரிமை இல்லை. உழவூர் வாழ்க்கையின் அறம் முழுவதும் இத்தீர்ப்பில் அடங்கியிருக்கிறது.

அவ்வாழ்க்கையில் துன்பம் இல்லாமலில்லை. நெல்லுக்கோ திராட்சைக்கோ வாழைக்கோ விலை சரிந்தால் உழவர் மட்டும் வீழ்வதில்லை. அறுவடையை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரரும் வீழ்வார், குறித்த திருமணமும் தள்ளிப்போகும். நிலமற்ற ஏழைகள் ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர்; அவர்களுள் பெண்களே மிகுதி. அணையின் நீர்மட்டம் எங்கோ நடக்கும் வழக்கின் செய்தியன்று, வீட்டுச் செய்தி. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டத்தை 142 அடிவரை உயர்த்த 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஆறு அடிக்காக ஒரு தலைமுறையே காத்திருந்தது.

தண்ணீருக்கு அடுத்து அவ்வூர் காத்திருந்தது கல்விக்காக. சமுதாயத்தின் கல்லூரிகள் வாணியம்பாடியில் 1919இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951இலும் தோன்றின. பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு அவை யாவும் தொலைவு. விடுதிச் செலவுக்கு வழியற்ற உழவர் வீட்டுப் பிள்ளை பள்ளிப்படிப்போடு நின்றுவிடுவதே வழக்கம். இந்நிலையில்தான் ஹாஜி கருத்த ராவுத்தர் தம் செல்வத்தைக் கொண்டு 1956இல் உத்தமபாளையத்திலேயே ஒரு கல்லூரியை நிறுவினார். அவர் பெயர் தாங்கிய ஹௌதியா கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். பெருநகரில் நிறுவியிருந்தால் பெயர் இன்னும் பரவியிருக்கலாம். ஆனால் மேல்வயலில் தேங்கிய நீரைக் கீழ்வயலுக்கு விடுவதே முறை என்பதை அறிந்த மண்ணில் அக்கொடை நிகழ்ந்தது. ஸதகத்துல் ஜாரியா என்னும் நிலையான தர்மத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்று காலம் மாறியிருக்கிறது. 2023 முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரே ரயில் செல்கிறது. தொலைவு குறைந்தது, ஆயினும் ஊர்களில் ஆள் குறைந்து வருகிறது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட, பாகம் பிரியாத நிலங்கள் ஆண்டுக்கணக்கில் தரிசாய்க் கிடக்கின்றன. உரியவர் ஊரில் இல்லாத வயலின் வாய்க்கால் தூர்ந்தால், அதற்குக் கீழே உள்ளவரின் பயிரே முதலில் வாடுகிறது. வரப்பில் கால் வைக்காத நாம், நகரத்தில் இருந்தபடியே, இன்று மேல்வயல்காரர்களாகிவிட்டோம்.

ஊருக்குத் திரும்பிப் போய் ஏர் பிடிக்க எல்லோராலும் இயலாது. ஆனால் செய்யக் கூடியவை உள்ளன. பெண்மக்களின் பங்கு உட்படப் பாகத்தை முறைப்படி பிரித்துக் கொடுக்கலாம். உழ ஆளிருந்தும் நிலமில்லாதவருக்கு நியாயமான குத்தகைக்கு விடலாம். தூர் வாரும் செலவில் நம் பங்கைத் தவறாமல் அனுப்பலாம். ஊர்ப் பிள்ளை ஒன்றின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கலாம். அடுத்த பெருநாளுக்கு ஊர் செல்லும்போது, நம் வயலின் மடைக்குக் கீழே யாருடைய வயல் இருக்கிறது என்று கேட்டறிந்து வருவோம். அவருக்குரிய நீர் அவரைச் சேரட்டும், இன்ஷா அல்லாஹ்.