கொடையாளர் கணக்கும் பிள்ளைகள் கணக்கும்: ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளிகளை மீண்டும் வாசித்தல்

நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்வதோடு முடிந்துவிடுவதல்ல. அவர் பாதியில் விட்டுச்சென்ற வேலையை நாம் கொஞ்சமேனும் முன்னெடுப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அந்த எண்ணத்தோடுதான் ஒரு பள்ளிக்கூட வரலாற்றை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

நன்கொடையால் நடக்கும் எந்தப் பள்ளியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். எத்தனை பிள்ளைகள் தேர்வெழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பது ஒன்று. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. இவை தனித்தனிப் பட்டியல்கள் போலத் தோன்றினாலும் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்பவை. 'நீங்கள் கொடுத்தீர்கள், இவர்கள் தேறினார்கள். இவர்கள் தேறுகிறார்கள், நீங்கள் தொடர்ந்து கொடுங்கள்' என்பதுதான் அந்த உரையாடல். இதில் பேசாமல் இருப்பவர்கள் பிள்ளைகள் மட்டுமே. தலித் கல்வி வரலாற்றில் இந்த உரையாடல் எங்கே தொடங்கியது, பிள்ளைகளின் தரப்பை நாம் எங்கே தேடுவது என்பதே என் கேள்வி.

கோவையில் படித்த ஒருவர்

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். செங்கற்பட்டு வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கல்வி பெற்றது கோயம்புத்தூரில். 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திரச் சுருக்க'த்தில் அந்த நாட்களைப் பற்றிச் சில வரிகளே எழுதியிருக்கிறார். பள்ளியில் சுமார் 400 பேர் படித்தார்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் வீடு எங்கே, உறவினர் யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்பதால் அவர் யாரோடும் சேரவில்லை. பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணியடித்து வகுப்பு தொடங்கும்போதுதான் உள்ளே போனார்.

இந்தச் செய்தியை நாம் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் இதைக் கல்வி வரலாற்றின் ஆவணமாக வாசித்திருக்கிறோமா? அந்தப் பள்ளியின் பதிவேட்டில் அவர் ஒரு மாணவர். வருகை உண்டு, மதிப்பெண் உண்டு. வகுப்புக்கு வெளியே அவர் கழித்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அது நமக்குத் தெரிவது அவரே எழுதியதால் மட்டும்தான். நிறுவனத்தின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் வேறுவேறு என்பதற்கு நம் கையில் இருக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

கேட்டுப் பெற்ற காலம்

1890களின் தொடக்கத்தில் தலித்துகள் கல்வியைக் கருணையாகக் கேட்கவில்லை, கோரிக்கையாகவே வைத்தார்கள். 1891 டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு தன் தீர்மானங்களைக் காங்கிரசுக்கு அனுப்பியது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் கோயில் நுழைவைப் பற்றிப் பேசினார். அங்கே எழுந்த எதிர்ப்பு எப்படிப்பட்டது என்பதை அவரே பின்னர் தம் இதழில் எழுதினார். அதே கூட்டத்தில் நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று கோரினார். அந்தக் காலத்தில்தான் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் பறையர் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் நில ஒதுக்கீட்டுக்கான ஆணை வந்தது, 1893இல் கல்விக்கான ஆணை வந்தது. அதே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார்.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வருவதற்கு முன்பே கோரிக்கை வந்துவிட்டது. கொடையாளர் வருவதற்கு முன்பே சபை இருந்தது, இதழ் இருந்தது. பின்னால் எழுதப்பட்ட வரலாறுகள் பல இந்த வரிசையைத் தலைகீழாக்கின. யாரோ ஒரு நல்லவர் மனமிரங்கினார், இவர்கள் படித்தார்கள், பிறகு விழித்துக்கொண்டார்கள் என்பதாக அவை கதை சொல்லின.

ஊரூரில் 1894

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882இல் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. 1894இல் அதன் அருகே ஊரூரில் சேரிப் பிள்ளைகளுக்காக அவர் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. ஒன்றுக்குத் தாமோதர் பெயர், இன்னொன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். எல்லாவற்றையும் சேர்த்து ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளிகள் என்றார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமரும் கோர்ட்ரைட் அம்மையாரும் பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்றார்கள். கிண்டர்கார்ட்டன் முறையை, அதாவது பாட்டும் கைவேலையும் விளையாட்டுமாகக் கற்பிப்பதை, சென்னையில் பலரும் அறியாதபோதே சேரிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார்கள். பிரம்பால் மனப்பாடம் செய்வித்த காலத்தில் இது சிறிய செயல் அல்ல. இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது குறை காண்பது எளிது. நாடெங்கும் மூடியிருந்த கதவைத் தங்கள் பணத்தையும் உழைப்பையும் கொடுத்துத் திறந்தவர்கள் இவர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இரண்டு பட்டியல்கள்

அந்நாளில் சென்னை மாகாணத்தில் பள்ளி மானியத்துக்கும் தேர்வு முடிவுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. எத்தனை பிள்ளைகள் ஆய்வாளர் முன் தேறினார்கள் என்பதைப் பொறுத்து மானியம் கிடைத்தது. எனவே தேர்ச்சி விழுக்காடு பள்ளிக்குப் பெருமை மட்டுமல்ல, வருமானமும்கூட. தம் பள்ளிப் பிள்ளைகள் அரசுத் தேர்வுகளில் மாகாண சராசரியைவிடச் சிறப்பாகத் தேறினார்கள் என்பதை ஆல்காட் பெருமையோடு எழுதினார். 1902இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஏழைப் பறையன்' என்ற சிறு நூல் இந்தப் பள்ளிகளின் நிலையை உலகெங்கும் உள்ள கொடையாளர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

இன்னொரு பட்டியல் 'தியாசபிஸ்ட்' இதழின் பின்னிணைப்பில் வந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்திய நகரங்கள் என்று எங்கெங்கோ இருந்த கிளைகளும் தனிமனிதர்களும் அனுப்பிய தொகைகள் ரூபாய், அணா, பைசா சுத்தமாக அச்சிடப்பட்டன. கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றும் பதிவாயிற்று. படித்தவர்கள் எண்ணிக்கையாகப் பதிவானார்கள்.

தேர்ச்சிப் பட்டியலை வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லிக்கொண்டிருந்த சமூகத்தின் முன், ஆய்வாளரின் கையெழுத்தோடு ஓர் எண் வந்து நின்றது. அந்த எண்ணைக் கொடையாளருக்கான விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு வாதத்தை முறியடித்த சான்று. பிள்ளைகளின் சாதனை, அதைப் பயன்படுத்திக்கொண்ட அறிக்கையைவிடப் பெரியது.

எதுவரை படிக்கலாம்?

ஆல்காட்டின் திட்டம் தொடக்கக் கல்வியோடு நின்றது. தமிழில் எழுதப் படிக்க, கூலிக் கணக்கில் ஏமாறாமல் இருக்க, வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனால் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம், சமையல் போன்ற கைத்தொழில். உயர்கல்வி நோக்கமல்ல என்பதை அவர் மறைக்கவில்லை.

அயோத்திதாசர் 1892இல் கேட்டதும் நான்காம் வகுப்புவரைதானே என்று நீங்கள் கேட்கலாம். எண் ஒன்றுதான். ஆனால் கேட்டவருக்கு அது முதல் படி, கொடுத்தவருக்கு அது கடைசிப் படி. இந்த வேறுபாட்டைத் தேர்ச்சி விழுக்காடு காட்டாது. நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று அறிக்கை சொல்லும். தேறிய பிறகு போவதற்கு அடுத்த வகுப்பு இருந்ததா என்று சொல்லாது.

இருந்தாலும், திட்டம் போட்டவர் நினைத்த இடத்தில் கல்வி நிற்பதில்லை. 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்று சுமங்கல தேரரிடம் பௌத்தம் ஏற்றார். அந்தப் பயணத்தில் உடன் சென்ற பி. கிருஷ்ணசாமி பஞ்சமர் பள்ளியின் ஆசிரியர். நல்ல வேலைக்காரர்களை உருவாக்கும் என்று கணக்கிடப்பட்ட பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், சாதியின் வேரை மதத்தில் தேடிக் கடல் கடந்து போனார். பள்ளியின் பேறாக நாம் எண்ண வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. எந்தத் தேர்வுப் பட்டியலிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

பெயரில் இருக்கும் அரசியல்

பள்ளியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பஞ்சமர்' என்றால் ஐந்தாமவர். நான்கு வருணங்களை ஒப்புக்கொண்டால்தான் ஐந்தாவது என்ற எண்ணே வரும். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் இந்தப் பெயரை விடாமல் மறுத்து எழுதினார். பூர்வ பௌத்தர், பூர்வத் தமிழர் என்ற அடையாளங்களை முன்வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற சொல் ஏறியது.

ஆல்காட் எழுதிய நூலின் தலைப்பு 'ஏழைப் பறையன்'. அதே எம்.சி. ராஜா 1925இல் எழுதிய நூலின் தலைப்பு 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்'. இரண்டும் ஆங்கில நூல்கள், ஏறக்குறைய ஒரே மக்களைப் பற்றியவை. ஏழை என்று சொன்னால் கொடுக்க ஒருவர் வேண்டும். ஒடுக்கப்பட்டவர் என்று சொன்னால் ஒடுக்கியவர் யார் என்ற கேள்வி எழும். இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் நம் அரசியல் நடந்த தொலைவை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே அளந்துவிடலாம்.

கொடையாளர் மாறினால்

1907 பிப்ரவரி 17இல் ஆல்காட் மறைந்தார். சபையின் தலைமை அன்னி பெசன்ட்டுக்கு வந்தது. 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். தூய்மையும் பழக்கவழக்கமும் மாறும்வரை இந்தப் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். 1945இல் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டியதைத் தோழர்கள் அறிவீர்கள்.

சேரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தும் சபையின் தலைவரே, அந்தப் பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதுகிறார். இதைத் தனிமனிதக் குறையாக மட்டும் பார்த்தால் பாடம் தவறிப்போகும். கொடை கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. மனம் மாறினால், தலைமை மாறினால் பிள்ளையின் நிலையும் மாறும். இந்தப் பள்ளிகளில் ஒன்று ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாக இன்றும் பெசன்ட் நகரில் இலவசக் கல்வி தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேல்நிலை என்ற சொல் அதன் பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த நான்காம் வகுப்பு வரம்பைக் காலம் உடைத்திருக்கிறது.

கொடையிலிருந்து உரிமைக்கு

வேறு இரண்டு பாதைகளும் அதே காலத்தில் திறந்தன. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அவரும் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டியவர்தான். ஆனால் கேட்கும் கை நம்முடையது, பள்ளியின் திசையை முடிவு செய்யும் தலையும் நம்முடையது. இன்னொன்று, 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு. தியாகராயர் தலைமையில் இருந்த மன்றம், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட ஒப்புக்கொண்டது. வரிப்பணத்திலிருந்து வரும் சோற்றுக்கு யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் உரிமையாக வந்த சோற்றையும் சாதி விட்டுவைக்கவில்லை. 2018இல் நம் கொங்கு மண்ணில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் மாற்றப்பட்டார், போராட்டத்துக்குப் பின் மீண்டும் அதே பள்ளிக்கு வந்தார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த ஆண்டுப் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினால் சேர்க்கையும் தேர்ச்சியும் வழக்கம்போல் இருக்கும். சீனிவாசன் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைப் போலவே, இதுவும் எண்ணில் வராத செய்தி.

நம் கையில் இருக்கும் வேலை

2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் வழியே கல்லூரிக்கு வந்திருக்கும் முதல் தலைமுறை மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் அறக்கட்டளை உதவித்தொகையிலும் படிக்கலாம். அதை மறுக்கச் சொல்லவில்லை. வாங்குங்கள், படியுங்கள். நன்றி சொல்வது பண்பு. ஆனால் நன்றியைக் காட்டி உங்கள் கேள்வியை யாரும் அடகு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைத்து முடிக்கிறேன். உங்கள் ஊரில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கும், விடுதி இருக்கும், மிஷன் பள்ளி இருக்கும். அங்கே படித்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வகுப்போடு நின்றீர்கள், ஏன் நின்றீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கொடையாளர் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன, அவற்றை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. ஊரூரில் 1894இல் முதல்நாள் வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் பெயர்களை நாம் யாரும் மேடையில் சொல்வதில்லை. கொங்கு நாட்டில் அப்படி முதல்முதலாகப் பள்ளிக்குப் போனவர்களின் பெயர்களாவது அடுத்த நினைவுச் சொற்பொழிவு நடப்பதற்குள் நம் ஏட்டில் ஏறட்டும்.