கடவும் காவலும்: இருப்புப்பாதைக் கடவுகளின் வரலாறு

'கட' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் 'கடவு'. இலங்கைத் தமிழர் இருப்புப்பாதையைக் குறுக்கிடும் இடத்தைக் 'கடவை' என்றே வழங்குவர். தமிழ்நாட்டு மக்கள் நாவில் நிலைத்த பெயரோ 'ரயில்வே கேட்' என்பதாகும். மேம்பாலம் எழுந்து, கதவு அகற்றப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், பேருந்து நிறுத்தத்திற்கு அப்பெயரே நின்றுவிட்ட ஊர்கள் நம்மிடையே உண்டு. சாலையும் இருப்புப்பாதையும் சந்திக்கும் அச்சிறு இடத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும், உயிர் போனால் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்கள் தொடக்க நாள் முதலே எழுந்து வந்துள்ளன. அவற்றிற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதவின் தோற்றம்

இருப்புப்பாதையின் தாயகமாகிய இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டு 'சாம்சன்' என்னும் பெயர் கொண்ட எஞ்சின் ஒன்று, வெண்ணெயும் முட்டையும் ஏற்றிச் சந்தைக்குச் சென்ற வண்டியின்மீது மோதியது என்றும், எஞ்சின்களுக்கு ஊதல் அமைக்கும் வழக்கம் அதன் விளைவாகவே தோன்றியது என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. வரலாற்றுச் சான்று வலுவாக உள்ளது சட்டத்திற்கே. சாலை குறுக்கிடும் இடங்களில் தக்க கதவுகள் அமைத்து, அவற்றைத் திறக்கவும் மூடவும் ஆட்களை அமர்த்துதல் ரயில் கம்பெனிகளின் கடமை என 1839ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டமோ, கதவுகள் இயல்பாகச் சாலைக்கு எதிரே மூடியிருக்க வேண்டும் என்றது. சாலையில் செல்வோர் வந்தால் மட்டுமே திறக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து வந்த வழி, புதிதாக வந்த இருப்புப்பாதையின் முன் காத்து நிற்கும் வழியாயிற்று.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயிலின் வேகத்திற்கும் சிக்கனத்திற்கும் அதுவே அடிப்படை. நினைத்த இடத்தில் அதனை நிறுத்தவியலாமைக்கும் அதுவே காரணம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தொடர்வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு வேண்டியிருக்கும். ஓட்டுநர் கண்ணால் கண்ட பின் காக்க இயலாது. ஆதலின் முன்கூட்டியே காக்க வேண்டியதாயிற்று.

தென்னகத்தில்

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, தென்னிந்திய மக்கள் இப்புதிய ஒழுங்கை முதன்முதலாக அறிந்தனர். 1895 முதல் 1953 வரை சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகளும் ஓடின. இரண்டும் தண்டவாளத்தின்மேல் ஓடுவனவாயினும் வேறுபாடு பெரிது. டிராம் தெருவின் ஓர் உறுப்பு. மணியடித்துக்கொண்டு, மக்களோடு மக்களாக மெல்லச் சென்றது. ரயிலோ தெருவை இரண்டாகப் பிளந்து, நடுவே கதவையும் நிறுத்தியது.

அக்கதவின் காவலர் கேட் கீப்பர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, இரவில் கைவிளக்கு, இடர் நேர்ந்தால் தண்டவாளத்தில் வைத்து வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிகள் ஆகியவையே அவருடைய கருவிகள். ஊருக்குப் புறத்தே தனித்த சிறு அறையில், மழையிலும் வெயிலிலும் விழித்திருந்த அவர்களின் வாழ்க்கை நம் வரலாற்று நூல்களில் பெரிதும் இடம்பெறவில்லை.

பொறுப்பு யாருடையது?

எல்லாக் கடவுகளிலும் காவலர் இருந்தாரல்லர். போக்குவரத்துக் குறைந்த ஆயிரக்கணக்கான இடங்கள் 'ஆளில்லா கேட்'டுகளாகவே விடப்பட்டன. அவ்விடங்களில் காவற்பொறுப்பைச் சட்டம் வழிப்போக்கரிடமே ஒப்படைத்தது. வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ, அவர் இல்லையெனில் ஓட்டுநரே, இறங்கிச் சென்று இருபுறமும் பார்த்த பின்பே கடக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு கூறுகிறது. அவ்விடத்தைக் கவனமின்றிக் கடப்பதை 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 161ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

தமிழ் மரபு இவ்வினாவை வேறு வகையில் எதிர்கொண்டது. தேர்க்காலில் கன்று மடிந்த திருவாரூர் நிகழ்ச்சியில், கன்று தானே பாய்ந்து வந்தது என்பதைக் காரணம் காட்டி மனுநீதிச் சோழன் பொறுப்பிலிருந்து விலகினானல்லன். வழியில் செல்லும் சிற்றுயிருக்கும் வலிய தேரை உடையவன் கடமைப்பட்டவன் என்பது பெரியபுராணம் உணர்த்தும் நீதியாகும். 1979இல் கேரளத்தில் ஆளில்லா கேட் ஒன்றில் வாடகை வாகனத்தில் சென்ற பலர் மாண்ட வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நீதிக்கு அணுக்கமானது. அத்தகைய இடத்தில் ஆள் அமர்த்திக் காவாமை இரயில்வேயின் கவனக்குறைவே என அத்தீர்ப்பு கொண்டது.

ஆயினும் இழப்புகள் தொடர்ந்தன. 2011இல் உத்தரப் பிரதேசத்தில் பேருந்து ஒன்றில் சென்ற முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஜூலையில் தெலங்கானாவின் மசாயிப்பேட்டையில் பள்ளிப் பேருந்தின்மீது ரயில் மோதிப் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தனர். 2018 ஏப்ரலில் குஷிநகரில் பதின்மூன்று பிள்ளைகள் மடிந்தனர். ஐந்தாண்டுக்குள் கேட்டுகள் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்று அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012இலேயே பரிந்துரைத்திருந்தது. அகலப்பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் முற்றும் நீங்கியது 2019 ஜனவரி இறுதியில்தான்.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா? 2025 ஜூலை 8ஆம் நாள் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் நேர்ந்த விபத்து இவ்வினாவை எழுப்பிற்று. ரயில் வரும் வேளையில் கதவு மூடப்படாதிருந்தது. பள்ளி வேனில் சென்ற மாணவர் மூவர் உயிரிழந்தனர். அங்கே காவலர் இருந்தார். இன்டர்லாக்கிங் அமைப்பு இல்லை. கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றிச் சிக்னல் பச்சையாகாதவாறு இரண்டையும் பிணைப்பதே அவ்வமைப்பு. அஃது இல்லாத இடத்தில், தொலைபேசியில் கேட்கும் ஒரு சொல்லையும் ஒரு மனிதரின் விழிப்பையும் நம்பியே ரயில் விடப்படுகிறது. அயர்வு மனித இயல்பு. அவ்வியல்பைத் தாங்கிக்கொள்ளும் பொறியமைப்பைத் தராமல் தனி ஒருவரைப் பழிப்பதோடு நின்றுவிடுவது நீதியாகாது.

கணக்கில் வாராதவர்

கேட்டை அகற்றிப் பாலம் கட்டுதலே முடிந்த தீர்வு என்பர். அதனை முடிவு செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்குவர். நாற்பது ரயில்களும் 2,500 வாகன அலகுகளும் எனில் பெருக்கற்பலன் ஒரு லட்சம். மேம்பாலம் அமைத்தற்குரிய நெடுங்கால அளவுகோல் அதுவே. இக்கணக்கில் மோட்டார் வண்டி ஓர் அலகு, ஆட்டோ ரிக்‌ஷா அரை அலகு. நடந்து செல்பவருக்கு அதில் இடமே இல்லை.

கணக்கில் வாராதவர் கட்டுமானத்திலும் வாராது போதல் இயல்பே. கார் ஓரிரு நிமிடத்தில் ஏறி இறங்கும் மேம்பாலம், தலைச்சுமையோடு வரும் மூதாட்டிக்கு நெடுந்தொலைவு. சுரங்கப்பாதையிலோ மழைநாளில் நீர் தேங்குகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அவ்வாறு தேங்கிய நீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். எனவே மக்கள் பழைய தடத்திலேயே தண்டவாளத்தைத் தாண்டுகின்றனர். கேட் இருந்த நாளில் வழிப்போக்கராக இருந்தவர், அஃது அகன்றபின் சட்டத்தின்படி 'அத்துமீறி நுழைந்தவர்' ஆகிவிடுகிறார். இவ்வாறு தண்டவாளங்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் மடிவதாகக் ககோட்கர் குழு குறிப்பிட்டதும், அதனைப் படுகொலை என்னும் கடுஞ்சொல்லால் சுட்டியதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

கதவு, காவலர், சட்டம், இன்டர்லாக்கிங், பாலம் என வளர்ந்த இவ்வரலாற்றில் ஒவ்வொரு படியும் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எஞ்சியுள்ள கேட்டுகளிலெல்லாம் இன்டர்லாக்கிங் அமைத்தல், நீர் வடியும் வகையில் சுரங்கப்பாதைகளைக் கட்டுதல், பாலம் எழும் இடத்திலெல்லாம் நடப்போருக்கெனக் குறுகிய வழி ஒன்றையும் உடன் அமைத்தல் ஆகியன இனி வேண்டுவன. இவற்றுக்கெல்லாம் முதற்படியாக நடப்போரையும் அந்தக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இருப்புப்பாதை வருமுன்னரே அவ்வழியில் நடந்தவர்கள் அவர்களே.