கழற மறுக்கும் ஒயில் ஆணி: பழைய மோட்டார் சைக்கிளில் அவசரம் கூடாத இடம்

அளவெட்டியிலிருந்து விடியற்காலையில் சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளுக்கிடையில் ஹொண்டா எம்.டி. 90ஐ இன்றும் காணலாம். ஜப்பானில் தபால் சேவைக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிவப்பு வண்டி, யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரரின் வண்டியாகவும் வாத்தியாரின் வண்டியாகவும் மாறியது. அதன் பக்கத்திலேயே ஹொண்டா சாலியும் சி.டி. 125உம் ஓடுகின்றன. ஓட்டுபவரை விட வயது கூடிய வண்டிகளும் இவற்றில் உண்டு. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் பழைய வண்டியைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இத்தகைய வண்டிக்குப் பெரும் செலவை வைக்கக்கூடிய சிறிய பாகம் ஒன்று எஞ்சினின் அடியில் இருக்கிறது. அதுதான் ஒயில் வடிக்கும் ஆணி. எம்.டி. 90, சாலி போன்ற ஹொண்டா எஞ்சின்களில் இது 12 மி.மீ. தடிப்பும் 17 மி.மீ. தலையும் கொண்டது. உருக்கால் ஆன இந்த ஆணி அலுமினிய உடலுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. ஆணி கெட்டால் சில நூறு ரூபாயில் புதிது வாங்கலாம். அலுமினிய உடலின் மரை உரிந்தாலோ, உடல் வெடித்தாலோ எஞ்சினையே இறக்க வேண்டிவரும். ஆகவே இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது ஆணியை அல்ல, அது இருக்கும் உடலைத்தான்.

ஏன் இறுகுகிறது?

உருக்கும் அலுமினியமும் ஈரத்தில், அதுவும் உப்புக் கலந்த ஈரத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகி இடைவெளியை அடைத்துவிடும். நீண்ட நாள் ஓடாமல் மழையில் நின்ற வண்டிகளில் இது அதிகம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கொண்டுபோக முடியாத வண்டிகள் கொட்டில்களிலும் முற்றங்களிலும் விடப்பட்டன. மாதக்கணக்கில் மாரி மழையில் கிடந்த ஒரு வண்டியைத் திருத்தி ஓடுகிறவர், அதன் அடியில் உள்ள ஆணி ஏன் அசைய மறுக்கிறது என்று வியக்கத் தேவையில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடையையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினைத் தட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். எனவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஆணி, கையில் கிடைத்த சாவியால் கழற்றப்பட்டு, ஒழுகக் கூடாதே என்ற பயத்தில் அளவுக்கு மீறி இறுக்கப்படும். தலையின் மூலைகள் தேய்ந்த பழைய ஆணிகளில் பல இப்படி உருவானவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஆணியின் மரை எப்போதும் உள்ளிருந்து ஒயிலில் நனைந்துகொண்டிருக்கிறது. ஆகவே பெரும்பாலும் பிடித்திருப்பது மரையின் உட்பகுதி அல்ல. தலையும் வாசரும் உடலோடு அழுந்தும் முகம்தான். துரு இளக்கும் எண்ணெயை மட்டும் நம்பி இருந்தால் இதனால்தான் ஏமாற்றம் வருகிறது. சூடும் தட்டலும் அதைவிடக் கூடுதலாக உதவும்.

முதலில் திசை

வண்டிக்கு மேலிருந்து குனிந்து பார்த்துச் சாவி போடுபவர்கள் ஆணியைக் கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுவது உண்டு. தலை கீழ்நோக்கி இருப்பதே இதற்குக் காரணம். கீழே படுத்துத் தலையை நேராகப் பார்க்கும்போது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். மேலிருந்து பார்த்தால் அதே அசைவு மணிக்கூட்டு முள் போகும் திசையாகவே தெரியும். சாவியைப் பிடிக்கும் முன் இதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிப்படியாக

ஆணியைச் சுற்றியுள்ள மண்ணையும் கிறீசையும் கம்பித் தூரிகையால் முற்றாகத் துடையுங்கள். தலையில் அழுக்கு இருந்தால் சாவி முழு ஆழத்துக்கு இறங்காது; மூலை உரிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

திறந்த வாய்ச் சாவியும் குறடும் வேண்டாம். ஆறு மூலை கொண்ட 17 மி.மீ. சொக்கெற் சாவியே நல்லது. அது இல்லையென்றால் தேயாத வளையச் சாவி. பன்னிரண்டு மூலைச் சொக்கெற் தேய்ந்த தலையில் வழுக்கும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அப்போது ஆணியின் தலையில் மட்டும் ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் பிடித்தால் உருக்குச் சுருங்கி, வித்தியாசம் இன்னும் கூடும். எஞ்சின் ஓட முடியாத நிலையில் இருந்தால், ஆணியைச் சுற்றியுள்ள உடலில் துணி சுற்றிக் கொதிநீர் ஊற்றலாம். ஊதுவிளக்கை அண்டவிட வேண்டாம். மேலே பெற்றோல் தாங்கி இருக்கிறது.

அடுத்து, ஆணித் தலையின் நடுவில் ஒரு உருக்குத் துண்டை வைத்துச் சிறிய சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. ஒட்டிப்போன முகத்தை அதிரச் செய்வதுதான் நோக்கம். பலத்த அடி அலுமினிய உடலை வெடிக்க வைக்கும்.

துரு இளக்கும் எண்ணெய் விடுவதானால், தலை கீழ்நோக்கி இருப்பதால் அது ஒழுகிப் போய்விடும். துணியை அதில் நனைத்து ஆணியைச் சுற்றி வைத்து, பொலித்தீனால் கட்டி, ஓர் இரவு விடுங்கள். காசு கொடுத்து வாங்க வசதி இல்லாதவர்கள் டீசலைப் பயன்படுத்தலாம். வேலை மெதுவாக நடக்கும்.

பிறகு சாவியைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். அந்தச் சிறு அசைவே பிடிப்பை உடைத்துவிடலாம். அதன்பின் கழற்றும் திசையில் சீராக அழுத்துங்கள். நீளம் போதாவிட்டால் ஓரடிக் குழாயைச் சாவியில் மாட்டலாம். திடீரென்று உதறி இழுக்க வேண்டாம். ஆணி “டக்” என்று விட்டால் நல்ல அறிகுறி. ரப்பர் இழுபடுவது போல இளகிக்கொண்டு திரும்பினால் உடனே நிறுத்துங்கள். மரை உரிகிறது அல்லது தலை முறுகுகிறது என்பதே அதன் பொருள்.

தலை உரிந்துவிட்டால்

தலையைச் சற்று அராவி 16 மி.மீ. சொக்கெற்றைத் தட்டி ஏற்றலாம். அதுவும் வழுக்கினால் இரு பக்கமும் தட்டையாக அராவி, பூட்டிக்கொள்ளும் குறட்டால் பிடிக்கலாம். தலையின் விளிம்பில் உளியை வைத்துக் கழரும் திசையில் தட்டுவது பழைய முறை. பொறுமையான கைக்கு அது சரிவரும்.

கடைசி வழி, தேய்ந்த தலையின் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து அதைத் திருப்புவது. வெல்டிங் சூடே பிடிப்பையும் இளக்கிவிடுவதால் இது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்து, பற்றரி வயர்களை விடுவித்த பின், பழகிய கையே இதைச் செய்ய வேண்டும்.

அன்றைக்கே கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒயில் ஊற்றும் துவாரத்தால் மெல்லிய குழாயை விட்டு, பெரிய சிரிஞ்சால் பழைய ஒயிலை உறிஞ்சி எடுக்கலாம். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சும். ஆனால் நாளை சந்தைக்குப் போக வேண்டியவருக்கு வண்டி ஓடும். ஆணியை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பப் பூட்டும்போது

மரையில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் உடலின் மரையை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். உரிந்திருந்தால் கம்பிச் சுருள் மரை போட்டுத் திருத்தலாம். கடைச்சல் பட்டறைகளில் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரிய ஆணியைப் பலவந்தமாக முறுக்கி ஏற்றுவது அடுத்த முறைக்கான வில்லங்கம்.

வாசரைப் புதிதாகப் போடுங்கள். ஒழுக்கை நிறுத்துவது வாசரே தவிர, கையின் பலம் அல்ல. ஆணியை முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற்றுங்கள். பிறகு சாதாரண நீளச் சாவியால், மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் போதும். அளவுச் சாவி இருந்தால் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். சாவியில் குழாய் மாட்டி இறுக்கினால் இந்தக் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

வடித்த ஒயில் எங்கே போகிறது?

ஆணி கழன்றதும் வெளியே வருவது ஒரு லீற்றருக்கும் குறைவான கறுத்த ஒயில். அதை வேலியோரம் ஊற்றுவதும், கறையானுக்கென்று மரக்கட்டைகளில் பூசுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். ஆனால் நமது செம்மண்ணுக்குக் கீழே இருப்பது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது அதற்குள்ளால் கிணற்று நீருக்கு இறங்கும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நமக்கு இருப்பது கிணறுகளே.

ஒயில் கலந்த கிணற்றின் விலை என்னவென்று அளவெட்டிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அயலில் இருக்கும் சுன்னாகத்தில், மின் நிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததும், மக்கள் பவுசரில் வந்த தண்ணீருக்குக் காத்திருந்ததும் அண்மைக்கால அனுபவம். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மின் நிலையத்தின் அளவு வேறு, ஒரு மோட்டார் சைக்கிளின் அளவு வேறு. ஆனால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

எனவே ஆணிக்குச் சாவி போடும் முன்பே அகன்ற சட்டி ஒன்றை அடியில் வையுங்கள். வடிந்ததை மூடியுள்ள கானில் ஊற்றி, பழைய ஒயிலைச் சேர்த்து வைக்கும் கராஜ் ஒன்றில் கொடுங்கள். கானில் “கழிவு ஒயில்” என்று எழுதிவைப்பதும் நல்லது. வீட்டில் வேறு எண்ணெய் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது.