ஏழாவது முறை பார்த்தவன்

கர்மேல் மலையுச்சியில் எலியா இறைவாக்கினர் மழைக்காக மன்றாடியபோது, கடலின் பக்கம் பார்த்துவரும்படி தம் பணியாளனை அனுப்பினார் என்று அரசர்களின் முதல் நூலில் வாசிக்கிறோம். ஒன்றுமில்லை என்று திரும்பியவனை மீண்டும் மீண்டும் அனுப்பினார். ஏழாவது முறை சென்றபோதுதான், உள்ளங்கை அளவே ஆன சிறு மேகம் ஒன்று கடலினின்று எழக் கண்டு வந்து சொன்னான். மழை வழிமறிக்குமுன் தேரைப் பூட்டிப் புறப்படுமாறு உடனே அரசனுக்குச் செய்தி போயிற்று. எலியாவின் செபத்தைப் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். பெயர்கூட எழுதப்படாத அந்தப் பணியாளனைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. ஆறு முறை வெறும் வானத்தைக் கண்டும் சலிக்காமல் ஏழாவது முறையும் ஏறிப்போனவன் அவன். கண்டதை மறைக்காமலும் தாமதிக்காமலும் வந்து சொன்னவனும் அவனே.

அப்பணியாளனின் வேலையைச் செய்யும் சிறு கருவி இன்று கடைகளில் கிடைக்கிறது. வீட்டு வானிலை நிலையம் என்பது அதன் பெயர். வெளியே ஒரு சிறு பெட்டி. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அது உணர்கிறது. சிலவற்றில் மழைமானியும் காற்றுமானியும் சேர்ந்திருக்கும். வீட்டினுள்ளே ஒரு திரை. இரண்டுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. வெளிப்பெட்டி உணர்ந்ததை வானொலி அலை நிமிடத்துக்கு ஒரு முறையோ அதனினும் விரைவாகவோ உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தச் சிறு பெட்டிக்குள் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் திருப்பங்கள் பலவற்றில் துறவிகளும் குருக்களும் நிற்கக் காண்கிறோம்.

மடங்களில் பிறந்த அளவை

1639-ஆம் ஆண்டு இத்தாலியில் பெரூஜியா நகரருகே உள்ள திராசிமேனோ ஏரி நீர்வற்றிக் கிடந்தது. அப்போது மழை பெய்தது. பெனடிக்ட் சபைத் துறவியும் கலிலேயோவின் மாணவருமான பெனதெத்தோ கஸ்தெல்லி, இந்த மழையால் ஏரி எவ்வளவு உயரும் என்று அறிய விரும்பினார். ஒரு சாண் உயரமும் அரைச் சாண் அகலமும் கொண்ட கண்ணாடிக் குவளையை வெளியே வைத்தார். அதில் நின்ற நீரின் உயரத்தைக் கொண்டு ஏரியில் விழுந்த மழையைக் கணித்துத் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மழையை அளக்கும் வழக்கம் கொரியாவிலும் நம் நாட்டிலும் அதற்கு முன்பே இருந்ததுதான். ஆயினும் ஐரோப்பாவில் மழைமானியின் கதை இக்குவளையோடு தொடங்குகிறது எனலாம். கஸ்தெல்லியிடம் பயின்ற தொரிசெல்லியே 1644-இல் பாதரசக் குழாயைக் கொண்டு காற்றுக்கும் எடை உண்டு என்று விளக்கினார். அதுவே காற்றழுத்தமானியாயிற்று.

ஓரிடத்தில் அளப்பதால் மட்டும் வானம் புரிந்துவிடாது. பல இடங்களில், ஒரே வகைக் கருவியால், ஒரே ஒழுங்கில் அளக்க வேண்டும். இவ்வெண்ணத்தை முதலில் செயற்படுத்தியவர் தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் பெர்தினாந்து. 1654-இல் அவர் தொடங்கிய வானிலை வலையமைப்பை இயேசு சபைக் குரு லூயிஜி அந்தினோரி ஒருங்கிணைத்தார். புளோரன்ஸ் நகரத் துறவு மடத்திலும், வல்லொம்பிரோசா மலை மடத்திலும், பாரிஸ், வார்சா முதலிய தொலை நகரங்களிலும் புளோரன்சில் செய்த வெப்பமானிகளே தொங்கின. 1667-இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. மீண்டும் 1780-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், யோகான் யாகோப் ஹெம்மர் என்ற குரு ஏறத்தாழ நாற்பது நிலையங்களை ஒன்றிணைத்தார். காலை ஏழு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது என மூன்று வேளையும் அளவெடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. துறவு மடங்கள் பல இப்பணியை ஏற்றதில் வியப்பில்லை. மணியடித்தால் எழுந்து செபிக்கப் பழகியவர்கள், மணியடித்தால் வெப்பமானியைப் பார்க்கவும் பழகினார்கள். பவேரியாவின் ஹோகன்பைசன்பர்க் மலையில் அகுஸ்தீன் சபையினர் 1781-இல் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது.

கல்கத்தாவின் மாடியில் ஒரு குரு

நம் நாட்டுக்கு வருவோம். 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வானிலையைக் கவனிக்க முறையான அமைப்பு வேண்டும் என்று அரசு உணர்ந்ததற்கு அப்பேரழிவும் ஒரு காரணம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்தது.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1865-இல், பெல்ஜியம் நாட்டு இயேசு சபையினரான யூஜின் லாஃபான் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இயற்பியல் கற்பித்த அவர் கல்லூரியின் மொட்டை மாடியில் எளிய வானிலைக் கூடம் ஒன்றை அமைத்து நாள்தோறும் அளவெடுத்தார். 1867 நவம்பரில் காற்றழுத்தத்தின் போக்கைக் கண்டு கடும் புயல் வரப்போகிறது என்று உணர்ந்து அதிகாரிகளுக்கு அறிவித்தார். அம்முன்னறிவிப்பால் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பர். தம் அளவீடுகளை அவர் ஏட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ‘இந்தோ-யூரோப்பியன் கரஸ்பான்டன்ஸ்’ என்ற கத்தோலிக்க வார இதழில் அவை வெளிவந்தன. ஞாயிறு வாசகமும் திருச்சபைச் செய்தியும் படிப்பவன் வானத்தின் செய்தியையும் படிக்கட்டும் என்று அவர் எண்ணினார் போலும்!

லாஃபானின் மாணவர்களுள் ஒருவர் ஜெகதீஷ் சந்திர போஸ். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை சுவரையும் ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்யும் என்று 1890-களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் செய்து காட்டியவர் அவரே. மாணவனின் புகழை ஆசிரியர் தம் புகழாகக் கருதினார். 1897-இல் போசின் கம்பியில்லா முறையைத் தாமே பொதுமக்கள் முன் செய்து காட்டி விளக்கினார். வீட்டு வானிலை நிலையம் இரண்டு அறிவுகளின் கூட்டு அன்றோ? ஒன்று வானத்தை அளக்கும் அறிவு. மற்றொன்று கம்பியின்றிச் செய்தி அனுப்பும் அறிவு. இவ்விரண்டும் நம் நாட்டில் ஒரு குருவின் வகுப்பறையில் சந்தித்துக்கொண்டன என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்கது.

பின்னாளில் 1929-இல் பிரான்சில் ரொபேர் புயூரோவும், 1930 சனவரியில் சோவியத் நாட்டில் பாவெல் மல்ச்சானவும் பலூனில் கருவியைக் கட்டி மேலே அனுப்பி, அதன் அளவுகளை வானொலி அலை வழியே தரையில் பெற்றனர். ரேடியோசோண்டே எனப்படும் இக்கருவிகள் இன்றும் நாள்தோறும் உலகின் பல நூறு இடங்களிலிருந்து பறக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிறு பெட்டி அவற்றின் இளைய உறவு.

சென்று சேராத செய்தி

கியூபாவின் ஹவானா நகரில் இயேசு சபையினரின் பெலேன் கல்லூரி வானிலைக் கூடத்தில் பணியாற்றிய பெனித்தோ வீஞ்ஞஸ், 1875 செப்டம்பர் 11-ஆம் நாள் புயல் எச்சரிக்கை ஒன்றை நாளேடுகளில் வெளியிட்டார். முகில்கள் செல்லும் திசையையும் அழுத்தத்தின் வீழ்ச்சியையும் கொண்டு புயலின் வழியைக் கணிப்பதில் அவர் வல்லவர். அவருக்குப் பின்னும் அக்கூடம் அப்பணியைத் தொடர்ந்தது.

1900-ஆம் ஆண்டு. கியூபா அப்போது அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. கியூபாக்காரரின் முன்னறிவிப்புகள் மக்களைக் கலங்கச் செய்கின்றன என்று கருதிய அமெரிக்க வானிலைத் துறை, அவை தந்தி வழியே வெளிச்செல்லாதபடி தடைசெய்வித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கியூபாவைக் கடந்த புயல் டெக்சாஸ் பக்கம் போகிறது என்று பெலேன் கூடத்தின் குரு கங்கோயித்தே கணித்தார். அது வடகிழக்கே திரும்பும் என்று அமெரிக்கத் துறை நம்பியது. செப்டம்பர் 8-ஆம் நாள் டெக்சாசின் கால்வெஸ்டன் நகரைக் கடல் மூடியது. இறந்தோர் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர். கருவி பிழைக்கவில்லை, அதைப் பார்த்தவரின் கணிப்பும் பிழைக்கவில்லை. செய்தி செல்லும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

நம் கடற்கரையும் இத்துயரை அறியும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் சில மணி நேரத்தில் உருத்திரண்டபோது, குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இருந்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தனர். கரையில் எச்சரிக்கை ஒலித்த வேளையில், வெகு தொலைவில் இருந்தவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை. திரும்பி வராதவர்களில் பலர் நம் பங்குகளின் பிள்ளைகள். அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருப்பலிகளில் நாமும் நின்றோம். அளப்பது பாதிப் பணிதான். அளந்ததை அயலானுக்குக் கொண்டுசேர்ப்பதே மறுபாதி என்பதை அன்று நாம் கண்ணீரோடு கற்றோம்.

வீட்டில் அமைக்கும்போது

இத்தகைய கருவியை நாமும் நம் வீட்டில் அமைத்தோம். முதலில் வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டோம். பிற்பகலில் ஊரிலேயே நம் வீட்டில்தான் வெயில் அதிகம் என்று திரை காட்டியது! சுவர் உண்ட வெயிலைக் கருவி அளந்தது; காற்றை அளக்கவில்லை. 1864-இல் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வெள்ளை வண்ணமும் பலகணிச் சட்டங்களும் கொண்ட மரப்பெட்டியை வகுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. வெயிலும் மழையும் படக்கூடாது. காற்று மட்டும் தாராளமாக நுழைய வேண்டும். தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், புல் அல்லது மண் தரைக்கு மேல், சுவரை விட்டு விலகி நிழலில் வைப்பதே முறை. சமையலறைச் சன்னலும் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியும் அருகில் இருத்தல் ஆகாது.

மின்கலங்களை இட்டதும் வெளிப்பெட்டியையும் திரையையும் முதலில் அருகருகே வைத்து, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளச் செய்ய வேண்டும். பிறகே அவற்றைப் பிரித்து வைக்கலாம். திறந்த வெளியில் நூறு மீட்டர் செல்லும் அலை, கம்பி கட்டிய கான்கிரீட் சுவரையும் தகரக் கூரையையும் கண்டால் தளர்ந்துவிடும். மழைமானியை, அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதன் இரு மடங்குத் தொலைவிலாவது, மட்டமாக நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழுந்த ஒரு லிட்டர் நீர். காலை எட்டரை மணி முதல் மறுநாள் எட்டரை வரை கணக்கிடுவது இந்திய வானிலைத் துறையின் வழக்கம். நாமும் அவ்வாறே குறித்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

காற்றழுத்தத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறுவதற்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறையும் ஆதலால், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலும், திரையில் தோன்றும் சூரியனும் மேகமும் பெரும்பாலும் குளிர்நாடுகளின் வானத்தை எண்ணி அமைக்கப்பட்டவை. நம் நாட்டிலோ அழுத்தம் நாள்தோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழ்வது இயல்பு. இவ்வியல்பான ஏற்றத்தாழ்வு கலைந்து, உயர வேண்டிய வேளையிலும் தாழ்ந்துகொண்டே போனால்தான் கவலைகொள்ள வேண்டும். அப்போதும் அரசின் எச்சரிக்கையே நமக்கு வழிகாட்டி. வீட்டுக் கருவி அதற்கு மாற்று அன்று.

கருவி கம்பியில்லாமல் இயங்குவதால் நாம் வெளியே போகவேண்டிய தேவை குறைந்துவிட்டது. மடத்துத் துறவி குளிரில் நடந்துசென்று பார்த்ததை நாம் நாற்காலியில் இருந்தே பார்க்கிறோம். வசதிதான், ஆயினும் நாற்காலியில் இருப்பவனுக்குச் சோம்பலும் எளிதாக வரும். சில வாரப் புதுமை தீர்ந்தபின் திரையில் தூசி படிந்துவிடும். எனவே, ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்து நாள்தோறும் குறித்துவரலாம். பங்குப் பள்ளியின் பிள்ளைகளை அதில் ஈடுபடுத்தலாம். கடலோரப் பங்குகளில் ஆலய வாசற்பலகையில் அன்றைய காற்றையும், அரசு விடுத்த எச்சரிக்கையையும் எழுதி வைக்கலாம். படகேறுமுன் ஒருவராவது அதைப் பார்த்துத் தயங்கி நின்றால், அந்தப் பலகை தன் பணியைச் செய்துவிட்டது.

வானத்தின் தோற்றத்தை அறிந்தும் காலத்தின் அறிகுறிகளை அறியாதிருப்போரை ஆண்டவர் கடிந்துகொண்டார். வானத்தைப் பார்ப்பது தவறு என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு கூர்மையாக மேகத்தைப் பார்க்கும் கண், அருகில் நிற்கும் சகோதரனையும் பார்க்க வேண்டாமா என்பதே அவர் கேள்வி. கஸ்தெல்லியின் குவளையும், லாஃபானின் மாடியும், வீஞ்ஞசின் எச்சரிக்கையும் அக்கேள்விக்குக் கூறிய பதில்கள். நம் வீட்டுச் சிறு பெட்டியும் அப்படி ஒரு பதிலாகலாம். ஏழாவது முறையும் பார்க்கும் பொறுமையும், பார்த்ததை ஓடிவந்து சொல்லும் அன்பும் நமக்கு இருந்தால்.