போர்சியா: ஒரு சிலந்திச் சாதியின் பெயர் வரலாறு

பாயுஞ் சிலந்திகளுள் போர்சியா, பிற சிலந்திகளின் வலையிற் புகுந்து அவற்றையே இரையாக்கும் சாதி. ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும், தென்னாசியா தொட்டுக் குயின்ஸ்லாந்து வரையும் இதன் இனங்கள் வாழ்கின்றன. 1878 இல் கார்ஷ் இச்சாதியை நிறுவியது ஆபிரிக்க இனமொன்றைக் கொண்டே. அதற்கு முன்னரே, 1859 இல், டச்சுப் படை மருத்துவராய் அம்பொன் தீவில் வாழ்ந்த டொலெஷால், இதே சாதிக்குரிய கீழைத்தேய இனமொன்றை வேறு பெயரில் விவரித்திருந்தார். பர்மிய இனத்தைத் தொரெல் 1887 இல் எழுதியபோது அதை லைனஸ் எனும் சாதியிற் சேர்த்தார். உயிரியல் வேறுபாட்டினும், மாதிரிகள் எந்நாட்டு நூதனசாலையைச் சென்றடைந்தன என்பதே இப்பெயர்க் குழப்பத்துக்குக் கூடிய காரணம் எனக் கருத இடமுண்டு. 1978 இல் வொன்லெஸ் இச்சாதியை மீளாய்ந்து ஒழுங்குபடுத்தினார். தொரெலின் இனம் இலங்கையிலும் உண்டு. இன்று அதன் பெயர் போர்சியா லேபியாற்றா.